என்.எஃப்.எல் அமெரிக்கன் ஃபுட்பாலை மேம்படுத்த எந்தெந்த விதிகளை மாற்றலாம்?

2011இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டுக்குக் குடிவந்ததிலிருந்து இந்த ஆட்டத்தைப் பார்த்துவருகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓக்லண்ட் துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரெய்டர்ஸ் அணி என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் வீட்டு கராஜ் கதவு திறந்திருக்கும், உள்ளே டிவி ஓடிக்கொண்டிருக்கும். முதல் வருஷம் முழுக்க நான் கேட்டது ஒரே கேள்விதான்: இப்போது ஏன் ஆட்டத்தை நிறுத்தினார்கள்? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். சில விதிகள் வரும்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டுவார். இந்தப் பதிலில் பாதி, அவர் தலையை ஆட்டிய விதிகளைப் பற்றியது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு அடிப்படை மட்டும்: என்.எஃப்.எல் என்பது 32 அணிகள் ஆடும் அமெரிக்கத் தொழில்முறை லீக். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும், அதற்குப் பெயர் ஃபர்ஸ்ட் டவுன். இப்படியே நகர்ந்து கோல் கோட்டைத் தாண்டி, எதிரணிப் பக்கக் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி.

நான் முதலில் மாற்றச் சொல்வது எண்ட் ஸோன் ஃபம்பிள் விதியை. பந்தோடு ஓடுகிறவர் ஆடுகளத்தின் நடுவில் பந்தை நழுவவிட்டு, அது உருண்டு பக்கக் கோட்டைத் தாண்டினால், பந்து அவர் அணிக்கே திரும்பக் கிடைக்கும். நழுவிய இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். கோல் கோட்டுக்கு ஓர் அடி முன்னால் வெளியே போனாலும் அதே கதைதான். ஆனால் அந்த ஓர் அடியைத் தாண்டி, எண்ட் ஸோனுக்குள் புகுந்து வெளியே போய்விட்டால் பந்து எதிரணிக்கு. அதுவும் 20 யார்டு கோட்டில். எதிரணிக்காரர் யாரும் அந்தப் பந்தைப் பிடித்திருக்கவே வேண்டாம்.

2017 டிசம்பர் 17, ஞாயிறு இரவு. ஓக்லண்டில் ரெய்டர்ஸுக்கும் டாலஸ் கௌபாய்ஸுக்கும் ஆட்டம். அந்தக் கராஜில் அன்று நாங்கள் ஆறேழு பேர் இருந்தோம். டாலஸ் 20-17 என்று முன்னிலை. கடைசி 31 விநாடி இருக்கும்போது ரெய்டர்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், டெரெக் கார் வலது மூலையை நோக்கி ஓடினார். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் பைலான் என்றொரு சின்னத் தூண் நிற்கும், அதைப் பந்தால் தொட்டாலே டச்டவுன். காற்றில் பாய்ந்து கையை நீட்டினார். நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். பந்து கையை விட்டு நழுவி, கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனது. அவ்வளவுதான், பந்து டாலஸுக்கு, ஆட்டமும் டாலஸுக்கு. பெரியவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நழுவவிட்டது தப்புதான். அதற்கு ஒரு விலை இருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஓர் அடி முன்னால் விழுந்தால் விலை பூஜ்யம், ஓர் அடி பின்னால் விழுந்தால் மொத்த ஆட்டமே என்பது எந்தக் கணக்கு? தப்பு ஒன்றுதான். அதை எடைபோடும் தராசுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. என் யோசனை: பந்து தாக்கும் அணியிடமே இருக்கட்டும், ஆனால் 20 யார்டு கோட்டுக்குப் பின்வாங்க வேண்டும், அந்த முயற்சியும் கழிந்ததாகக் கணக்கு. கோட்டருகே வந்தவர்களுக்கு அதுவே பெரிய அடி.

இதற்கு வழக்கமாக ஒரு மறுப்பு வரும்: அப்படிச் செய்தால் ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே பந்தை முன்னால் தள்ளிவிடுவார்கள் என்று. அந்த ஓட்டையை அடைத்துப் பல வருஷம் ஆகிறது. அடைக்கக் காரணமானவர்களும் ரெய்டர்ஸ்தான். 1978 செப்டம்பரில் சான் டியேகோவில், கடைசி நொடிகளில் ரெய்டர்ஸின் கென் ஸ்டேப்லர் பந்தை முன்னால் நழுவவிட, சக ஆட்டக்காரர்கள் அதைத் தட்டியும் உதைத்தும் எண்ட் ஸோன்வரை கொண்டுபோய் 21-20 என்று ஜெயித்தார்கள். அடுத்த வருஷமே விதி மாறியது. இப்போது நான்காவது முயற்சியிலும் கடைசி இரண்டு நிமிடத்திலும் நழுவவிட்டவரைத் தவிர அவர் அணியில் வேறு யாரும் அந்தப் பந்தை எடுத்து முன்னேற முடியாது. எனவே அந்தப் பயம் தேவையில்லை.

அடுத்தது பாஸ் இன்டர்ஃபியரன்ஸ். எறியப்பட்ட பந்தைப் பிடிக்கப் போகிறவரை, பந்து வந்து சேரும் முன்பே தடுப்பவர் இடித்தாலோ பிடித்து இழுத்தாலோ இந்தக் குற்றம். என்.எஃப்.எல்லில் குற்றம் நடந்த இடத்திலேயே பந்தை வைத்துவிடுவார்கள். 50 யார்டு தூரத்தில் கையோடு கை லேசாகப் பின்னிக்கொண்டாலும் 50 யார்டும் போச்சு. இதனால் சில அணிகள் பந்தைச் சும்மா உயரமாக எறிந்துவிட்டு, நடுவர் குற்றம் என்று மஞ்சள் கொடியை வீசுவாரா என்று பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. கல்லூரி ஆட்டத்தில் இதற்கு உச்சவரம்பு 15 யார்டு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. 15 யார்டுதான் என்று தெரிந்தால், தன்னைத் தாண்டி ஓடிவிட்டவரைத் தடுப்பவர் தைரியமாகக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கணக்கு ஒரு நொடியில் ஓடும்.

அதனால் இரண்டு படி வேண்டும். பந்தைப் பார்த்தபடி ஓடும்போது நேர்ந்த உரசலுக்கு 15 யார்டு. பந்தைப் பார்க்காமல் ஆளை மட்டும் குறிவைத்தால் இப்போது போல முழுத் தூரம். நடுவர்களுக்கு இது புதிய பழக்கமும் அல்ல. பந்தை உதைப்பவர்மேல் லேசாக மோதினால் 5 யார்டு, மூர்க்கமாக மோதினால் 15 என்று இன்றைக்கும் பிரித்துத்தான் சொல்கிறார்கள்.

2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்ததைச் சொல்லாமல் இந்த விதியைப் பேச முடியாது. சூப்பர் பௌல் என்கிற இறுதி ஆட்டத்துக்கு யார் போவது என்ற ஆட்டம், 20-20 சமநிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம். ராம்ஸ் அணியின் நிக்கல் ரோபி-கோல்மன், பந்து வரும் முன்பே உள்ளூர் அணியான செயின்ட்ஸின் டாமிலீ லூயிஸை இடித்துத் தள்ளினார். கொடி விழவில்லை. கூடுதல் நேரத்தில் ராம்ஸ் 26-23 என்று ஜெயித்தது. ஊரே கொதித்த பிறகு, 2019 சீசனுக்கு மட்டும் இந்தக் குற்றத்தை வீடியோவில் மறுபரிசீலனை செய்யலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். பயிற்சியாளர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள், முடிவு மாறியது அபூர்வம். 2020இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம். யோசனை சரியானது, அவசரமாகச் செய்தார்கள். கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும், மைதானத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ரீப்ளே அதிகாரி அப்பட்டமான தவறுகளைத் தானாகவே திருத்தலாம் என்று அளவாகத் திரும்பக் கொண்டுவரலாம்.

இதோடு சேர்ந்த சின்ன விஷயம் ஒன்று. தடுப்பவர் எதிரணி ஆளைப் பிடித்து வைக்கும் டிஃபன்ஸ் ஹோல்டிங்குக்கு 5 யார்டுதான் தண்டனை, ஆனால் கூடவே ஃபர்ஸ்ட் டவுனும் தானாகக் கிடைத்துவிடும். 18 யார்டு தேவைப்படும் மூன்றாவது முயற்சியில், பந்து போகாத பக்கத்தில் யாரோ ஒருவர் சட்டையைப் பிடித்ததற்கு நான்கு புது முயற்சிகள். 5 யார்டு கொடுங்கள், அந்த முயற்சியைத் திரும்ப ஆடவிடுங்கள், போதும்.

சரி, அந்த 2017 ஆட்டத்துக்கே திரும்ப வருகிறேன். அதே இரவில், கார் பந்தை நழுவவிடுவதற்குக் கொஞ்சம் முன்னால், 17-17 என்று இருந்தபோது டாலஸ் நான்காவது முயற்சியில் ஒரு யார்டு தேவைக்கு மோதியது. ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்ததா என்று அளக்கச் சங்கிலியைக் கொண்டுவந்தார்கள். நடுவர் ஜீன் ஸ்டெரடோர் குனிந்து, சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மடித்து, பந்தின் நுனிக்கும் சங்கிலி முனையிலுள்ள கம்பத்துக்கும் நடுவே செருகிப் பார்த்தார். டாலஸுக்கு ஃபர்ஸ்ட் டவுன் என்றார். முடிவைக் கண்ணால் பார்த்தே எடுத்துவிட்டேன், அட்டை வெறும் உறுதிப்படுத்தலுக்கு என்று பிறகு விளக்கம் சொன்னார்.

2025இலிருந்து சங்கிலிக்குப் பதிலாகக் கேமராக்கள் அளக்கின்றன. நல்ல முன்னேற்றம். ஆனால் மூல வியாதி அங்கேயே இருக்கிறது. பந்தை எங்கே வைப்பது என்பதை இன்னமும் ஓடிவரும் நடுவர், கால்களின் குவியலுக்குள் எட்டிப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார். உத்தேசமாக வைத்த பந்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து என்ன பயன்? 2025 ஜனவரியில் பஃபலோ பில்ஸின் ஜாஷ் ஆலன் நான்காவது முயற்சியில் முட்டி மோதினார். கோட்டைத் தொட்டாரா இல்லையா என்று நாடே வாதாடியது. தொடவில்லை என்றார்கள், கடைசியில் 32-29 என்று கேன்சஸ் சிட்டி ஜெயித்தது. பந்துக்குள் சிப் வைத்துப் பல வருஷமாகிறது. அது தரும் இடக்குறிப்பை இன்னும் நுணுக்கமாக்கி, முட்டி தரையில் பட்ட நொடியோடு வீடியோவில் பொருத்திப் பார்க்க வேண்டும். கடினமான வேலைதான். ஆண்டுக்கு 2000 கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்க்கும் லீக் செய்ய முடியாத வேலை அல்ல. அதே பணத்தில் நடுவர்களையும் முழுநேரமாக நியமிக்கலாம். இப்போது பெரும்பாலானவர்களுக்கு வேறு பிழைப்பு உண்டு. 2018இல் ஓய்வு பெற்ற புகழ்பெற்ற நடுவர் எட் ஹாக்குலியும் வழக்கறிஞர்தான்.

எதை மாற்றக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து கூட்டமாகத் தள்ளி ஒரு யார்டு எடுக்கும் டஷ் புஷ்ஷைத் தடை செய்ய 2025 மே மாதம் ஓட்டெடுப்பு நடந்தது. 32 அணி முதலாளிகளில் 24 பேர் ஒப்புக்கொண்டால்தான் எந்த விதியும் மாறும். 22 பேர் தடைக்கு ஆதரவு, இரண்டு ஓட்டில் தப்பியது. தப்பியது சரி. ஓர் அணி ஒரு வித்தையில் தேர்ந்துவிட்டது என்பதற்காக அதைத் தடை செய்யக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் யார் ஜெயிப்பது என்பதைப் பற்றி. கடைசியாகச் சொல்லப்போவது ஆட்டக்காரர்களின் உடம்பைப் பற்றி. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

2022 செப்டம்பர் 25, ஞாயிறு. மயாமி டால்ஃபின்ஸின் டுவா டகோவைலோவா கீழே தள்ளப்பட்டு எழுந்து, நாலு அடி வைப்பதற்குள் தள்ளாடினார். முதுகு வலி என்று சொல்லி ஆட்டத்துக்குத் திரும்ப அனுப்பினார்கள். நான்கே நாளில், வியாழக்கிழமை இரவு, சின்சினாட்டியில் மறுபடி ஆடினார். சுழற்றித் தரையில் வீழ்த்தப்பட்டபோது தலை மோதியது. முகத்துக்கு முன்னால் அவர் விரல்கள் ஒன்றொன்றும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு விறைத்து நின்றதைக் கேமரா காட்டியது. என் மகனுக்கு அப்போது எட்டு வயது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "அப்பா, அவர் கை ஏன் அப்படி இருக்கு?" என்றான். டிவியை நிறுத்தினேன். அடுத்த மாதமே தள்ளாட்டம் தெரிந்தால் அன்றைக்கு ஆடவே கூடாது என்று விதியைத் திருத்தினார்கள். வியாழக்கிழமை ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மோதிய உடம்பு வியாழக்கிழமைக்குள் தேறாது. இதைச் சொல்ல மருத்துவர் தேவையில்லை. ஓய்வு வாரம் முடிந்து வரும் அணிகளை மட்டும் வியாழக்கிழமை ஆடவிடுங்கள். 32 அணிகள், ஆளுக்கு ஓர் ஓய்வு வாரம், 16 வியாழக்கிழமை ஆட்டங்கள். கணக்கு நேராகவே வருகிறது. நான்கு நாள் இடைவெளி பதினோரு நாளாகிவிடும். சில அணிகளுக்கு ஓய்வு வாரம் சீசன் தொடக்கத்திலேயே வந்துவிடும் என்றால் இரண்டு ஓய்வு வாரம் கொடுக்கலாம். 1993இல் ஒரு சீசன் அப்படி நடத்தியிருக்கிறார்கள். 2021இல் 17வது ஆட்டத்தைச் சேர்க்க நாட்காட்டியில் இடம் கிடைத்தது, ஓய்வுக்கும் கிடைக்கும்.

புல்தரையும் அப்படித்தான். செயற்கைத் தரை வேண்டாம், இயற்கைப் புல் வேண்டும் என்று ஆட்டக்காரர் சங்கம் பல வருஷமாகக் கேட்கிறது. செலவு, வானிலை, மூடிய கூரை என்று பதில் வருகிறது. 2026 உலகக் கோப்பை கால்பந்துக்கு இயற்கைப் புல்தான் என்று ஃபிஃபா நிபந்தனை போட்டதும் டாலஸ், அட்லாண்டா, நியூ ஜெர்ஸி என்று அதே மைதானங்கள் புல் விரிக்க ஒப்புக்கொண்டன. விருந்தாளிக்கு விரிக்க முடிந்த புல்லை, வருஷா வருஷம் அங்கேயே விழுந்து எழுபவர்களுக்கும் விரிக்க முடியும். எல்லா மைதானத்திலும் இயற்கைப் புல் என்பதை விதியாகவே எழுத வேண்டும்.

ரெய்டர்ஸ் 2020இல் லாஸ் வேகஸுக்குப் போய்விட்டது. பெரியவர் இன்னும் கராஜில்தான் பார்க்கிறார், அவரிடம் கேட்டால் முதலில் ஃபம்பிள் விதி என்பார். என்னிடம் ஓர் ஓட்டு இருந்தால் அதை வியாழக்கிழமைக்குத்தான் போடுவேன். மகன் இப்போது இடுப்பில் கட்டிய துணியை உருவும் ஃப்ளாக் ஃபுட்பால் ஆடுகிறான். ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் அணியில் அடுத்த வருஷம் சேரட்டுமா என்று போன வாரம் கேட்டான். நானும் என் மனைவியும் இன்னும் பதில் சொல்லவில்லை.