டர்போ காருக்குப் பெரிய இன்ஜெக்டர் வாங்கலாமா?

கேள்வி: நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். தினமும் வேலைக்குப் போய்வருவது இதில்தான். டர்போவை மாற்றி 250 குதிரைத்திறன் வரை கொண்டுபோக ஆசை. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கும் (ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 1000 சிசி), மணிக்கு "255 லிட்டர்" என்று போட்ட பெட்ரோல் பம்ப் ஒன்றும் ஒரே செட்டாக விற்கிறார்கள். "பெரிசாவே வாங்கிடுங்க, பின்னாடி உதவும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு பூஸ்டில், அதாவது டர்போ காற்றை முழு அழுத்தத்தில் தள்ளும்போது, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.27 கிலோ பெட்ரோல் குடிக்கும். 250-க்கு 68 கிலோ; அதாவது 90 லிட்டர் சொச்சம். நான்காகப் பிரித்தால் ஓர் இன்ஜெக்டருக்கு நிமிடத்துக்கு 380 சிசி. இன்ஜெக்டரை அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டாமல் இருப்பது நல்லது என்பதால் 480 ஆகிறது. 550 சிசி தாராளம். எத்தனால் அதிகம் கலந்த ஈ85 எரிபொருள் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் இன்னொரு 30 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெரிசாக வாங்கினால் என்ன நஷ்டம்? சிக்னலில் நிற்கும்போது தெரியும். மின்சாரம் வந்த பிறகு இன்ஜெக்டர் திறக்கவே ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் ஆகிறது. வோல்டேஜ் குறைந்தால் இது இன்னும் நீளும். ஐடிலில் மொத்தத் திறப்பே 2 மில்லிசெகண்ட் அளவில்தான் என்னும்போது, இந்தத் தாமதத்தின் சரியான எண் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ-வில் இல்லையென்றால் அளவு தவறும். ஏசி போட்டதும் ஆர்பிஎம் ஆடும், மைலேஜ் இறங்கும். ஆகவே கடையில் எத்தனை சிசி என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வோல்டேஜுக்கும் தாமதம் எவ்வளவு என்ற அட்டவணையைக் கேளுங்கள். அது இல்லாத இன்ஜெக்டரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஈசியூ-வை உங்கள் காருக்கேற்ப அமைத்துத் தரும் ட்யூனர் அந்த எண்களை ஊகித்து ஊகித்தே உங்களிடம் கூலி வாங்குவார்.

பம்ப்புக்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு எந்த அழுத்தத்தில், எந்த வோல்டேஜில் எடுத்தது? அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும். உங்கள் காரில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பூஸ்டைத் தொடர்ந்து ஏறும் வகை என்றால், அடிப்படை அழுத்தம் 3 பார், பூஸ்ட் 1 பார், ஆக மொத்தம் 4 பார். அந்த 4 பாரில், 12 வோல்டில் எவ்வளவு வரும் என்று காட்டும் வரைபடம்தான் உங்களுக்கு வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் எல்லோரும் கொடுக்கிறார்கள். போலி பம்ப்புகள் ஏராளமாகப் புழங்குவதால், முகவர் யார் என்று தயாரிப்பாளரிடமே விசாரித்து வாங்குங்கள்.

பம்ப் மாற்றும் முன்பே மெக்கானிக்கிடம் சொல்லி, இன்ஜின் ஓடும்போது பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 14 வோல்ட் இருக்க, பம்ப்புக்கு 12 தான் வருகிறது என்றால் கோளாறு பழைய ஒயரில். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், ஒரு ஃப்யூஸ், ஒரு ரிலே, நல்ல எர்த். மொத்தச் செலவில் மிகக் குறைவான பகுதி இதுதான்; நம்பகத்தன்மைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ரெகுலேட்டருக்கு பூஸ்ட் அளவைக் கொண்டுபோகும் வேக்குவம் குழாயையும் புதிதாகப் போட்டு கிளிப் மாட்டிவிடுங்கள். 1 பார் பூஸ்டில் அது கழன்றால் இன்ஜெக்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம் 3 பாரிலிருந்து 2 ஆகிவிடும்; பெட்ரோல் 18 சதவீதம் குறையும். 12 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று ட்யூன் செய்த கலவை 14.7-க்குப் போய்விடும். மெதுவாக ஓட்டும்போது அது சரியான கலவைதான். முழு பூஸ்டில் கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் வந்து பிஸ்டனைத் தின்றுவிடும்! இதைக் கண்ணால் பார்க்க, கலவை விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் ஒன்று வேண்டும். பெரிய செட் வாங்காமல் மிச்சமாகும் பணம் அதற்குத்தான்.

கேள்வி: பழைய இன்ஜெக்டர் செட், சுத்தம் செய்து பரிசோதித்தது என்று விலை குறைத்துத் தருகிறார்கள். நம்பலாமா?

பதில்: பரிசோதனைத் தாளைக் காட்டினால் நம்பலாம். நான்கின் அளவும் தனித்தனியாக இருக்க வேண்டும். வித்தியாசம் 2, 3 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. முழுத் திறப்பில் மட்டும் அளந்திருந்தால் போதாது, சின்னத் திறப்பிலும் அளந்திருக்க வேண்டும். ஓ-ரிங் புதிதா என்று பாருங்கள். அப்புறம், டாங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் குழாய்த் துண்டை மாற்றுவதாக இருந்தால் எஸ்ஏஇ 30ஆர்10 என்று அச்சிட்டதாகவே கேட்டு வாங்குங்கள். சாதாரண பெட்ரோல் குழாய் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். மூழ்கிக் கிடந்தால் வெளியே ஊறி வெடித்து, அந்தத் தூள் போய் அடைப்பது உங்கள் இன்ஜெக்டரைத்தான்.