மூலையில் படுத்திருக்கும் பெரிய நாய்: சாதுவா, பயமா, காய்ச்சலா?

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வருத்தம். மகனுக்கு ஏழு வயது. துள்ளிப் பாயாத பெரிய நாய் ஒன்று வேண்டுமென்று காப்பகத்தில் பார்த்தோம். ஐந்து வயது லாபிரடோர் கலப்பு ஒன்று மூலையிலேயே படுத்திருக்கிறது, குரைப்பதே இல்லை. "பசு மாதிரி" என்கிறார்கள். நம்பி எடுக்கலாமா?
(வாசகி, உப்புவெளி)

பதில்: வயதைச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். பெரிய இனங்கள் இரண்டு வயதுவரை உடம்பு பெருத்த குட்டிகள்தான். நான்கைந்து வயதில் குணம் நிலைத்துவிடும். ஆனால் மூலையில் படுத்திருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். காப்பகத்தில் சத்தமில்லாமல் கிடக்கும் நாய் உண்மையிலேயே சாதுவாக இருக்கலாம், பயத்தில் ஒடுங்கியிருக்கலாம், காய்ச்சலோடும் இருக்கலாம். தூரத்தில் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

வெவ்வேறு நேரங்களில் மூன்று தரம் போங்கள். ஒரு தரம் சாப்பாட்டு நேரமாக இருக்கட்டும். கூட்டுக்குப் பக்கவாட்டாகக் குந்தி, அவித்த மீன் துண்டு ஒன்றை உள்ளே வையுங்கள். சாதுவான நாய் காதைத் திருப்பும், எழும்பி வந்து மணக்கும், நீங்கள் இருக்கும்போதே தின்னும். ஒடுங்கிய நாய் மீனைத் தொடாது. வாலை அடிவயிற்றோடு ஒட்டிவைத்திருக்கும். பசியில்லாமலே உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை ஓரம் தெரியும். அது கெட்ட நாய் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு மூன்று கிழமை போய்ப் பயம் தெளிந்த பிறகுதான் அதன் சொந்தக் குணம் வெளியே வரும்.

அடுத்தது முரசு, அதாவது பல் ஈறு. பராமரிப்பவரைக் கொண்டு மேலுதட்டைத் தூக்கச் சொல்லுங்கள். முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வெளிறிக் கிடந்தால், மூக்கில் இரத்தம் வந்திருந்தால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். எர்லிக்கியா என்ற வகைக்கு வழக்கமாக நான்கு கிழமை குளிசை கொடுப்பார்கள். பத்தாம் நாளே நாய் தெளிந்துவிட்டது என்று பலர் நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பி வரும். சுகமான பிறகு அந்தப் "பசு" துள்ளத் தொடங்கினால் அம்மாவின் முழங்கால் தாங்குமா என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள்.

கடைசியாக, சங்கிலியில் கட்டி 15 நிமிடம் வெளியே நடத்திப் பாருங்கள். திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் கடற்கரையிலும் மான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் உலாவும் ஊர் எங்களுடையது. தூரத்தில் மானையோ மாட்டையோ கண்டதும் பார்த்துவிட்டு, கூப்பிட்டால் உங்கள் பக்கம் திரும்பும் நாய் உங்கள் வீட்டுக்குச் சரி. 30 கிலோ நாய் ஒரே இழுவை இழுத்தால் அம்மா விழுந்துவிடுவார்.

கேள்வி: அல்சேஷன் கலப்பு ஒன்றை நேற்றுக் கொண்டுவந்தோம். மேசைக்குக் கீழே படுத்தபடியே இருக்கிறது, சாப்பிடவில்லை. தடவப் போன பேரப்பிள்ளையைப் பார்த்து உறுமியது. அடித்துத் திருத்தலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், நிலாவெளி)

பதில்: அடிக்கவே வேண்டாம், ஐயா. உறுமல் என்பது "கிட்ட வராதே" என்ற எச்சரிக்கை. அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும், கடிப்பதை நிறுத்தாது. அடுத்த தரம் சத்தமில்லாமலே கடிக்கும். விறாந்தையின் ஒரு மூலையில் சாக்கை மடித்துப் போட்டு, தண்ணீர் வைத்து, விட்டுவிடுங்கள். வெறும் சீமெந்தில் பாரமான நாய் படுத்தால் முழங்கை மயிர் உதிர்ந்து தோல் தடித்துப்போகும். ஒரு கிழமைக்கு விருந்தினர் வேண்டாம், குளிப்பாட்டல் வேண்டாம். காப்பகத்தில் தின்ற அதே சாப்பாட்டைக் கொடுத்து, பிறகு ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். படுத்திருக்கும்போதும் தின்னும்போதும் பேரன் கிட்டப் போகக் கூடாது, பெரியவர் இல்லாமல் இருவரையும் தனியே விடவும் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். தண்ணீரும் குடிக்காவிட்டால் இன்றைக்கே.

படலை விஷயத்தில் கவனம். புது நாய் தப்புவது முதல் நாட்களில்தான். கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் மட்டும் போக வேண்டும். தளர்வாக இருந்தால் பின்னுக்கு இழுத்துத் தலையை உருவிவிடும்.

கேள்வி: 32 கிலோ நாய்க்கு எவ்வளவு சாப்பாடு? கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் காலத்தில் தாங்குமா?
(வாசகர், திருகோணமலை நகர்)

பதில்: அதிகம் ஓடாத, கருத்தடை செய்த நாய்க்கு நாளுக்குச் சமைத்த சோறு 450 கிராம், முள் எடுத்த மீன் 400 கிராம், அவித்த பூசணி 150 கிராம், எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. முள்ளை எடுத்தால் கல்சியமும் போய்விடும். காயவைத்து மாவாக அரைத்த முட்டைக்கோது முக்கால் தேக்கரண்டி சேருங்கள். மற்றச் சத்துகளுக்கு வைத்தியரிடம் கேளுங்கள். மிஞ்சிய மீன் குழம்பு கூடாது, அதிலுள்ள வெங்காயம் சிவப்பணுக்களை அழிக்கும்.

ஒரே நேரத்தில் முழுவதையும் வைக்காதீர்கள். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை வாயுவால் ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இரண்டாக, முடிந்தால் மூன்றாகப் பிரியுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓட விடாதீர்கள். வயிறு மேளம்போல் இறுகி, ஓங்காளித்தும் ஒன்றும் வராமல், இருக்க முடியாமல் அந்தரப்பட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இரவில் வரக்கூடிய வைத்தியரின் இலக்கத்தை நாய் வருமுன்பே எழுதி வையுங்கள்.

கச்சான் வீசும் மாதங்களில் நடை காலை ஆறரைக்கு முன், மாலை ஆறுக்குப் பின். புறங்கையை ஏழு வினாடி தாரில் வைக்க முடியாவிட்டால் பாதமும் தாங்காது. மூச்சிரைத்துத் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறியைப் போட்டபடி வைத்தியரை அழையுங்கள்.

கேள்வி: ஊசி எல்லாம் போட்டாயிற்று என்கிறது காப்பகம். திரும்பப் போட வேண்டுமா?
(வாசகி, கன்னியா)

பதில்: திகதியும் வைத்தியரின் கையொப்பமும் உள்ள அட்டை இருந்தால் தேவையில்லை, அடுத்த திகதிக்குப் போடுங்கள். அட்டை இல்லாவிட்டால் போடாத நாய் என்றே எண்ணி, விசர் நாய்க்கடி நோய்க்கான ஊசியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு தரம்.