அக்குளில் நெறி கட்டினால்: மார்பகப் புற்றுநோய்க் கேள்விகளுக்குப் பதில்

அம்மாவுக்கு வலது மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் அக்குளில் நெறிகட்டி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். பரவிவிட்டது என்றுதானே அர்த்தம்? (மகள், அம்பாசமுத்திரம்)

அந்த ஒரு வரியை வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். நெறி என்பது வீங்கிய நிணநீர் முடிச்சு. அது கட்டப் பல காரணம் உண்டு. வயல் வேலையில் கையில் பட்ட காயம், ஆறாத புண், காசநோய், அண்மையில் அதே கையில் போட்ட தடுப்பூசி, எதுவாகவும் இருக்கலாம். நல்ல நிணநீர் முடிச்சு ஸ்கேனில் அவரை விதை போல நீள்வட்டமாக, நடுவில் வெள்ளையாகக் கொழுப்போடு தெரியும். சுற்றியுள்ள கருமையான விளிம்பு 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோ, நடுக்கொழுப்பு காணாமல் போய் முடிச்சு உருண்டையாகி இருந்தாலோதான் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

அப்படியே வந்தாலும் அது சந்தேகம்தான். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முடிச்சில் ஊசி செலுத்தி, செல்லையோ சிறு சதையையோ எடுத்துச் சோதிக்க வேண்டும். சில நிமிட வேலை. ரிப்போர்ட்டில் விளிம்பின் தடிமன் எவ்வளவு, நடுக்கொழுப்பு இருக்கிறதா என்று எழுதவில்லையென்றால், ஸ்கேன் பார்த்த டாக்டரிடமே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எனக்குப் பீடி சுற்றித்தான் பிழைப்பு. அக்குளில் உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டால் கை வீங்கிவிடும் என்கிறார்கள். எடுக்காமல் விட முடியாதா? (மேலப்பாளையம்)

நல்ல கேள்வி கேட்டீர்கள் அக்கா. நாள் முழுக்கக் கையை நம்பி வேலை பார்ப்பவருக்கு இதுதான் பெரிய விஷயம். முன்பெல்லாம் கட்டியோடு அக்குளையும் மொத்தமாகச் சுத்தம் செய்வதே வழக்கம். அப்படிச் செய்தால் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வரலாம்.

இப்போது அக்குளில் நோய் தெரியாதவர்களுக்குக் காவல் முடிச்சு பயாப்சி செய்கிறோம். மார்பில் நீலச் சாயத்தையோ, மிகக் குறைந்த கதிரியக்க மருந்தையோ, இரண்டையுமோ செலுத்துவோம். மார்பிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சுகள், அதாவது காவல் முடிச்சுகள், அதில் தெரியும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வரைதான் இருக்கும். அவற்றை மட்டும் எடுத்துச் சோதிப்போம். அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. சாயத்தால் ஓரிரு நாள் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும், பயப்படாதீர்கள்.

ஒன்றிரண்டில் நோய் இருந்தால்கூட எல்லோருக்கும் அக்குளைச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. கட்டி 5 செ.மீ.க்குள், அக்குளில் கைக்குத் தட்டுப்படும் நெறி இல்லை, மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் நீக்கி ரேடியேஷனும் கொடுக்கிறார்கள் என்றால், மீதி முடிச்சுகளை விட்டுவைத்தாலும் ஆயுள் குறையவில்லை. ஜீ-11 (Z0011) என்ற அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியது. அதன் பத்தாண்டு முடிவுகள் 2017-ல் வந்தன. உங்களுக்கு இது பொருந்துமா என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். அதன் பிறகு, இலை வெட்டும்போது அந்தக் கையில் கத்தரி பட்டால் உடனே கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

பெட் ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமே, அப்புறம் எதற்கு ஊசி? (மகன், வள்ளியூர்)

தெரியாது தம்பி. சில மில்லிமீட்டர் நோய் பெட் ஸ்கேனில் தப்பிவிடும். வெறும் அழற்சியில் வீங்கிய முடிச்சும் பளிச்சென்று ஒளிரும். நோய் முற்றிய நிலையில், எலும்பு, கல்லீரல், நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது பெரிதும் உதவும். ஆரம்ப நிலையில், வேறு தொந்தரவும் இல்லாதவருக்கு, அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

சிகிச்சைக்காக மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ கிளம்பினால் பயாப்சியின் கண்ணாடி ஸ்லைடுகளையும், எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் ரிப்போர்ட் போதாது.

மதினிக்கு முதலில் கீமோ கொடுக்கப் போகிறார்கள். அக்குள் முடிச்சில் நோய் உறுதியாகிவிட்டது. நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன? (சேரன்மகாதேவி)

முதல் கீமோ ஏறுவதற்குள் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "அந்த முடிச்சில் கிளிப் வைக்கிறீர்களா?" கீமோவில் முடிச்சு நன்றாகச் சுருங்கிவிட்டால், நோய் இருந்தது எது என்று பிறகு அடையாளம் காண்பது கஷ்டம். ஸ்கேன் உதவியோடு சிறு உலோகக் கிளிப்பை முன்பே வைத்துவிட்டால், அறுவை சிகிச்சையில் அந்த முடிச்சையும் காவல் முடிச்சுகளையும் தேடி எடுத்துச் சோதிக்கலாம். எல்லாம் சுத்தமாக இருந்தால் அக்குளை முழுதாகச் சுரண்டாமல் விட வாய்ப்பு உண்டு. கீமோ தொடங்கிய பிறகு வருத்தப்படும் குடும்பங்களைப் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் 2/14 என்று இருக்கிறது. கழுத்தெலும்புக்கு மேலும் ஒரு முடிச்சில் நோய் இருக்கிறதாம். நான்காம் நிலையா? (நாங்குநேரி)

எடுத்த 14 முடிச்சுகளில் 2-ல் நோய் என்று அர்த்தம். 1 முதல் 3 வரை ஒரு பிரிவு, 4 முதல் 9 வரை அடுத்தது, 10-ம் அதற்கு மேலும் மூன்றாவது. ஆனால் அதே பக்கத்துக் கழுத்தெலும்புக்கு மேலே நோய் இருந்தால் எண்ணிக்கை எதுவானாலும் மூன்றாவது பிரிவில் சேரும். வேறு உறுப்புக்குப் போகாதவரை அது 3-சி நிலை, நான்காவது அல்ல. குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை கொடுப்பார்கள். ரேடியேஷன் டாக்டரிடம் போகும்போது அந்தக் கழுத்து ஸ்கேனையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். எந்த இடம்வரை கதிர் கொடுப்பது என்று அவர் முடிவு செய்ய அது வேண்டும்.