கிரியேட்டிவ் டீமை நடத்துபவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வணக்கம். டிசைனர்கள், எழுதுபவர்கள், வீடியோ எடிட்டர்கள் கலந்த டீம்களைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், ரிவ்யூ மீட்டிங்கில் நான் மட்டும்தான் பேசுகிறேன். கருத்து கேட்டால் எல்லோரும் ‘நல்லா இருக்கு’ என்று முடித்துக்கொள்கிறார்கள். இவர்களைப் பேச வைப்பது எப்படி?

முதல் வேலையாக, நீங்கள் கடைசியில் பேசுங்கள். ‘இந்த நிறம் எனக்குப் பிடிக்கவில்லை’ என்று லீட் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அந்த நிறத்துக்காக வாதாட யாரும் வர மாட்டார்கள்.

உட்காரும் இடம்கூடப் பேச்சை அடக்கிவிடும். அனிமேஷன் படங்கள் எடுக்கும் பிக்சார் ஸ்டூடியோவில் நடந்ததை அதன் தலைவராக இருந்த எட் கேட்மல் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அங்கே மீட்டிங் அறையில் நீளமான ஒரு மேஜை. நடுவில் இயக்குநர், தயாரிப்பாளர், மேலதிகாரிகள். ஆளுக்கொரு பெயர் அட்டை வேறு. யாரும் யாரையும் ஒதுக்க நினைக்கவில்லை, ஆனாலும் ஓரத்தில் இருந்தவர்கள் பேசத் தயங்கினார்கள். ஒருமுறை வேறு அறையில் சதுர மேஜையைச் சுற்றி உட்கார்ந்தபோது பேச்சு தாராளமாக வந்தது. அதன்பிறகுதான் விஷயம் புரிந்து மேஜையை மாற்றினார்கள். அப்போதும் பெயர் அட்டைகள் மட்டும் பழக்கத்தில் தொடர்ந்தன! அவற்றையும் ஒழிக்க வேண்டியிருந்தது.

அப்புறம், வேலையைக் காட்டுபவர் எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும். ‘இது முதல் டிராஃப்ட். சொல்ல வந்தது புரிகிறதா என்று மட்டும் பாருங்கள், ஃபான்ட் இன்னும் முடிவாகவில்லை.’ இவ்வளவு போதும். பார்ப்பவர்களுக்கு எதைப் பேசுவது என்று தெரிந்துவிடும், காட்டுபவருக்கும் அரைகுறையாக இருக்கும்போதே காட்டத் தைரியம் வரும். ஒரு டீம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் கவனிப்பது இதைத்தான்: அரைகுறை வேலை பயமில்லாமல் மேஜைக்கு வருகிறதா? எல்லாம் முடித்து மெருகேற்றிய பிறகு காட்டினால், எவ்வளவு நல்ல கருத்தும் அடியாகத்தான் விழும்.

எங்கள் டீமில் தவறு நடந்ததாகப் புகாரே வருவதில்லை. நல்ல டீம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்ததாக அதற்கு அர்த்தமில்லை, ஒளிக்காமல் சொன்னார்கள். பயமில்லாமல் பேச முடிகிற இந்தச் சூழலைப் பற்றி 1999ல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. உங்களிடம் கடைசியாக யார் ‘இதை நான் சொதப்பிவிட்டேன்’ என்று வந்து சொன்னார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லோரும் கூடி யோசனை தேடும் பிரெயின்ஸ்டார்மிங்கில் இரண்டு பேர் பேசுகிறார்கள், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள்.

எல்லா இடத்திலும் நடப்பதுதான். 1958லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நான்கு பேர் கூடிப் பேசியதைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் தன் முறைக்குக் காத்திருக்கிறார், அதற்குள் தோன்றியது மறந்துவிடுகிறது. அதனால் முதலில் எல்லோரும் பத்து நிமிடம் பேசாமல் எழுதட்டும். எழுதியதைப் பெயர் இல்லாமல் சுவரில் ஒட்டிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

டீமிலேயே திறமையானவர் மற்றவர்களை மட்டம் தட்டுகிறார். அவர் போனால் வேலை நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது.

அவர் இருப்பதால் நின்றுபோன வேலைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் சிரிப்பாரே என்று சொல்லாமல் விட்ட யோசனைகள், அவர் இருக்கும் ப்ராஜெக்ட் வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள், இவையெல்லாம் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ‘உங்கள் குணம் சரியில்லை’ என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். ‘அவர் லேஅவுட்டைக் காட்டி முடிப்பதற்குள் குறுக்கிட்டீர்கள், அதன்பிறகு அவர் பேசவே இல்லை’ என்று நடந்ததைச் சொல்லுங்கள். நிறையப் பேர் இதிலேயே மாறிவிடுவார்கள். மாறாவிட்டால் அவரைத் தனியாகச் செய்யும் வேலைக்கு மாற்றுங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் அனுப்பத்தான் வேண்டும். நீங்கள் எதைப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று டீம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

டீம் அவுட்டிங், விளையாட்டுப் போட்டி எல்லாம் வைத்தால் ஒற்றுமை வருமா?

ஏற்கெனவே இருந்தால் கொஞ்சம் கூடும்.

போன மாதம்தான் டிசைனரிலிருந்து லீட் ஆனேன். யாராவது சரியாகச் செய்யாவிட்டால் நானே வாங்கி முடித்துவிடலாம் என்று கை பரபரக்கிறது.

ஃபைலைத் திறக்காதீர்கள். நீங்கள் திருத்திக் கொடுத்தால் அன்றைய வேலை முடியும், ஆனால் அடுத்த முறை அவர் பாதியில் விட்டுவிட்டு உங்களுக்காகக் காத்திருப்பார். குறையை மட்டும் சொல்லுங்கள்: ‘முதலில் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.’ தலைப்பைப் பெரிதாக்குவதா, படத்தைச் சுருக்குவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். டெட்லைன் நெருங்கிவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள், மவுஸ் மட்டும் அவர் கையில் இருக்கட்டும்.