கிளான்ஸ்: பட்டு விலகும் பார்வை

"'ஐ கிளான்ஸ்ட் தி ரிப்போர்ட்' என்று மேலதிகாரிக்கு மெயில் எழுதினேன். தவறு என்று திருத்தி அனுப்பிவிட்டார். கிளான்ஸ் என்றால் பார்ப்பதுதானே? கிளிம்ப்ஸும் இதுவும் ஒன்றா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பார்ப்பதுதான். ஆனால் கண்ணை நிறுத்திப் பார்ப்பதில்லை. ஒருவர் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் உங்கள் கண் கைக்கடிகாரத்துக்குப் போய், மணி தெரிந்ததும் அவர் முகத்துக்கே திரும்பிவிடுகிறது. அந்த அரை நொடிதான் கிளான்ஸ்.

இந்தச் சொல் கண்ணுக்கு வந்ததே பிற்பாடுதான். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், ஆயுதம் சாய்வாகப் பட்டு வழுக்கிக்கொண்டு போவதைத்தான் இப்படிச் சொன்னார்கள். பார்வையைக் குறித்தது அடுத்த நூற்றாண்டில். கிரிக்கெட்டின் லெக் கிளான்ஸில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது: பந்தை ஓங்கி அடிக்காமல், மட்டையைச் சற்றே திருப்பி, பட்டதும் காலுக்குப் பின்பக்கம் நழுவவிடுவார்களே, அதேதான். பார்வையும் அப்படித்தான் பட்டு நழுவுகிறது.

எதன்மேல் பட்டது என்று சொல்ல 'அட்' வேண்டும். அதனால் 'கிளான்ஸ்ட் அட் தி ரிப்போர்ட்' என்பதே சரி. பக்கங்களைப் புரட்டிப் பார்த்திருந்தால் 'கிளான்ஸ்ட் த்ரூ'. இலக்கணம் சரியானாலும், உண்மையிலேயே படித்திருந்தால் மேலதிகாரிக்கு இந்தச் சொல்லையே எழுதாதீர்கள். "சும்மா ஒரு பார்வை பார்த்தேன்" என்றுதான் அவர் காதில் விழும். 'ஐ ஹேவ் ரெட் தி ரிப்போர்ட்' போதும், உழைப்பும் தெரியும்.

'அட் எ கிளான்ஸ்' என்றால் பார்த்த மாத்திரத்தில். 'அட் ஃபர்ஸ்ட் கிளான்ஸ்' என்று ஒருவர் தொடங்கினால், பின்னால் ஓர் 'ஆனால்' வரப்போகிறது என்று காத்திருங்கள்: முதல் பார்வைக்கு எளிது, இறங்கினால் சிக்கல். ஓரக்கண்ணால் யாருக்கும் தெரியாமல் பார்ப்பது 'ஸ்டீல் எ கிளான்ஸ்'.

அப்புறம் கிளிம்ப்ஸ். கிளான்ஸ் நாம் செய்வது. கிளிம்ப்ஸ் நமக்குக் கிடைப்பது. ஓடும் ரயிலின் ஜன்னலில் தெரிந்த முகம் கண் இமைப்பதற்குள் மறைந்துவிட்டால், நமக்குக் கிடைத்தது கிளிம்ப்ஸ். அந்த ஜன்னல் பக்கம் கிளான்ஸ் செய்தும் எதுவும் கண்ணில் படாமல் போகலாம். கூட வரும் வினைச்சொல்லே இதைக் காட்டிக்கொடுக்கும்: 'டேக் எ கிளான்ஸ்' என்பார்கள், 'கேட்ச் எ கிளிம்ப்ஸ்' என்பார்கள்.