கிரேக்கம் முதலில், முனைவர் பட்டம் பிறகு

அன்புள்ள ஐயா,

சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலையில் இருக்கிறேன். ஹோமரையும் வெர்ஜிலையும் ஆங்கிலத்தில் படித்தபின் வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. அமெரிக்காவில் கிரேக்க, லத்தீன் இலக்கியத்தில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. மொழிகள் தெரியாது, அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் அல்லவா? செலவுக்கு நிலத்தை விற்கலாம் என்கிறார் அப்பா.

ர., கோவை

அன்புள்ள ர.,

நிலத்தை விற்க வேண்டாம் என்று முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அங்குள்ள நல்ல பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டத்துக்குச் சேர்த்துக்கொண்டால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தரும். பதிலுக்கு இளங்கலை மாணவர்களுக்கு நீங்கள் வகுப்பெடுக்க வேண்டியிருக்கும். காசு கேட்கும் இடத்தின் பக்கமே போகாதீர்கள்.

ஆனால் மொழி தெரியாதவரைச் சேர்க்க மாட்டார்கள். விண்ணப்பிக்கும்போதே இரு மொழிகளிலும் சில வருடப் பயிற்சி இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு மூலத்தில் படித்து முடிக்க வேண்டிய நூல்களின் நீண்ட பட்டியல், அகராதியைத் தொடாமல் மொழிபெயர்க்கும் தேர்வு. போதாததற்கு ஜெர்மனும், பிரெஞ்சோ இத்தாலியமோ ஒன்றும் வாசிக்கத் தெரிய வேண்டும். இத்துறையினர் அன்றாடம் புரட்டும் பவுலி-விஸ்ஸோவா கலைக்களஞ்சியமே ஜெர்மனில்தான் இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் நீல அட்டைப் பதிப்பில் ஏதாவது ஒரு கிரேக்க நாடகத்தைத் திறந்து பாருங்கள். மேலே மூலம். அடியில் பொடி எழுத்தில் பாடபேதங்கள்: எந்தச் சுவடியில் எந்தச் சொல், அதை எந்த அறிஞர் எப்படித் திருத்தினார் என்று. அந்தக் குறிப்புகள் முழுவதும் லத்தீன். முன்னுரையும் பெரும்பாலும் லத்தீன்தான். கதையில் மயங்கி வருகிறவர்கள் அந்தப் பொடி எழுத்தில்தான் சலித்துப்போகிறார்கள். உ.வே.சா.வின் பதிப்புகளில் அடிக்குறிப்பை விடாமல் படிக்கிற ஆள் என்றால் நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள்.

2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இந்தப் படிப்புக்கு கிரேக்க, லத்தீன் மொழிக் கட்டாயத்தை நீக்கியதே என்று யாராவது சொல்லக்கூடும். அது இளங்கலைக்கு மட்டும். அதே வருடம்தான் ஹோவர்ட் பல்கலைக்கழகம் கிரேக்கமும் லத்தீனும் கற்பிக்கும் தன் செவ்வியல் துறையையே கலைத்தது. ஐந்து முதல் ஏழு வருடம் உழைத்துப் பட்டம் வாங்கினாலும் நிரந்தரப் பேராசிரியர் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. இதை வீட்டிலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். வீலாக்கின் லத்தீன் பாடநூலில் நாற்பது அத்தியாயங்கள் இருக்கின்றன. மாலை நேரங்களில் பயிற்சிகளோடு முடியுங்கள். பிறகு ஜூலியஸ் சீசர் லத்தீனில் எழுதிய போர்க் குறிப்புகளை அகராதியோடு படியுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை முழுவதும் போய், மறுநாளும் உட்காரத் தோன்றினால் கிரேக்கத்தைத் தொடங்குங்கள். விண்ணப்பத்தைப் பற்றி அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள்.