அரிசி டிரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

போன மாதம் எங்கள் ஊர் வாசகர் கூட்டத்தில் 1990-ல் காஷ்மீர் பள்ளத்தாக்கை விட்டு ஓடவேண்டி வந்த பண்டிட்டுகள் என்ற இந்துச் சமூகத்தைப் பற்றிய 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' படம் பற்றி ஒருவர் கேட்டார். "அந்தப் படத்தை நான் பொருட்படுத்தவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அந்தப் பதில் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நானும் மனைவியும் படத்தை வீட்டில்தான் பார்த்தோம். அரிசி டிரம்முக்குள் ஒளிந்திருப்பவனைச் சுடும் காட்சியில் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்று தூக்கமே இல்லை. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன், "மாமா, அதெல்லாம் கட்டுக்கதை. கவர்னர்தான் பண்டிட்டுகளைக் கிளப்பிவிட்டார்" என்கிறான். ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பர், "நாலாயிரம் பேரைக் கொன்னாங்க, எவனாவது வாயைத் திறந்தானா?" என்கிறார். உலகத்தில் எங்கே யார் விரட்டப்பட்டாலும் எழுதுகிற நீங்கள், பண்டிட்டுகள் என்றால் மட்டும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாமா? நடந்ததா இல்லையா? படம் பொய்யா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

கூட்டத்தில் அப்படிச் சொன்னது என் தப்பு. கையில் மைக், மனசில் ஒன்பது மணி பஸ். படத்தை ஒதுக்கப்போய், அதில் வரும் மனிதர்களையும் சேர்த்து ஒதுக்கியது போல ஆகிவிட்டது.

முதலில் உங்கள் அக்கா மகனுக்கு. நடந்தது. ஜக்மோகன் இரண்டாவது முறை ஜம்மு காஷ்மீர் கவர்னராக நியமிக்கப்பட்டது 1990 ஜனவரி 19-ஆம் தேதி. அதற்கு நாலு மாதம் முன்பே, 1989 செப்டம்பரில், வக்கீலும் பா.ஜ.க. தலைவருமான டிக்கா லால் டப்லுவை ஸ்ரீநகரில் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நவம்பரில் நீலகண்ட் கஞ்சு. காஷ்மீர் பிரிவினைவாதத் தலைவர் மக்பூல் பட்டுக்குத் தூக்குத் தண்டனை விதித்த ஓய்வுபெற்ற நீதிபதி அவர். அடுத்த பிப்ரவரியில் ஸ்ரீநகர் தூர்தர்ஷன் இயக்குநர் லஸ்ஸா கௌல். ஜனவரி 19 இரவு பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் வந்த கோஷத்தைக் காதால் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'ரலிவ், சலிவ், யா கலிவ்.' எங்களோடு சேர், அல்லது ஓடு, அல்லது அழிந்துபோ. ஜக்மோகனின் நிர்வாகம் பண்டிட்டுகளைக் காப்பாற்றவில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டப்லுவைச் சுட்டவன் கவர்னர் ஆள் இல்லையே.

உங்கள் மனைவி எழுந்துபோன காட்சியும் நடந்ததுதான். 1990 மார்ச், ஸ்ரீநகர். தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்த ஒருவர், வீட்டு மாடியில் அரிசி டிரம்முக்குள் ஒளிந்திருந்தார். அதற்குள்ளேயே வைத்துச் சுட்டார்கள்.

இப்போது உங்கள் ஆபீஸ் நண்பரின் நாலாயிரம். 2010-ல் ஜம்மு காஷ்மீர் அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்கு, 1989 முதல் 2004 வரை 219 பண்டிட்டுகள். பள்ளத்தாக்கை விட்டுப் போகாமலே இருந்துவிட்ட பண்டிட்டுகளின் அமைப்பான காஷ்மீரி பண்டிட் சங்கர்ஷ் சமிதி, தானே கணக்கெடுத்து 399 என்றது. குறைத்துச் சொல்ல அவர்களுக்கு என்ன அவசியம்? மொத்தமே ஒன்றரை லட்சம் பேர் போல இருந்த சமூகம் அது. அங்கே 219 பேர் என்றால், செத்தவர் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன், அல்லது உங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். பின்னால் பூஜ்யம் சேர்த்துத்தான் அதைப் பெரிதாக்க வேண்டுமா?

சரி, படம். அதில் ஒரு குடும்பம். மகனை அரிசி டிரம்மில் சுடுகிறார்கள். மருமகளை ரம்பத்தால் அறுக்கிறார்கள். பேரனை வரிசையில் நிறுத்திச் சுடுகிறார்கள். எல்லாம் ஒரே வில்லன் கையால். நிஜத்தில் இவை மூன்றும் வேறு வேறு இடங்களில், வேறு வேறு குடும்பங்களுக்கு நடந்தவை. டிரம் 1990 மார்ச். பந்திபோரா பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த பெண்ணுக்கு நடந்ததும் அதே வருஷம்தான். கடைசியில் வரிசையாக நிற்க வைத்துச் சுடுகிறார்களே, அது புல்வாமா மாவட்டத்து நாடிமார்க். 24 பேர். தேதி, 2003 மார்ச் 23.

பதின்மூன்று வருஷ இடைவெளி. கதைக்காகச் சம்பவங்களைச் சேர்த்துக் கட்டுவது சினிமாவில் சகஜம், அதில் எனக்குப் புகார் கிடையாது. ஆனால் இங்கே இரண்டு விஷயம் காணாமல் போகிறது. நாடிமார்க்கில் செத்தவர்கள் 1990-ல் போகாமல் தங்கியவர்கள். எல்லாரும் லாரி ஏறியபோது, நாங்கள் இங்கேயே இருந்துகொள்கிறோம் என்று முடிவு செய்து, அந்த ஊரிலேயே பதின்மூன்று வருஷம் விவசாயம் பார்த்து, பிள்ளை வளர்த்தவர்கள். இந்தப் பதின்மூன்று வருஷத்தைக் காட்டினால் அக்கம்பக்கத்தாரையும் காட்ட வேண்டிவரும். நல்லது கெட்டது எல்லாவற்றோடும். படத்தில் அதற்கு இடம் இல்லை. அதே 1990-ல் காஷ்மீர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் முஷீருல் ஹக்கைக் கடத்திக் கொன்றார்கள், மே மாதம் காஷ்மீர் முஸ்லிம்களின் மதத் தலைவர் மீர்வாய்ஸ் முகமது ஃபாரூக்கை வீட்டில் புகுந்து சுட்டார்கள். அவர்களுக்கும் இடம் இல்லை.

இன்னொன்று, ஆட்சியில் யார் இருந்தார்கள் என்பது. 1990-ல் டெல்லியில் வி.பி. சிங் அரசு. வெளியிலிருந்து தாங்கிப் பிடித்தவர்கள் இந்தப் பக்கம் பா.ஜ.க., அந்தப் பக்கம் இடதுசாரிகள். 2003-ல் வாஜ்பாய் பிரதமர், முஃப்தி முகமது சயீத் முதல்வர். படம் முடியும்போது நமக்குக் கோபம் வருவது யார் மேல்? படத்தில் வரும் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியை மேல். அப்புறம், அடுத்த வீட்டுக்காரன் மேல்.

பெயர் என்னவோ 'ஃபைல்ஸ்'. நிஜமான ஃபைல்களை ஒருமுறை பாருங்கள். படத்து வில்லனின் பெயரை நினைவுபடுத்தும் நிஜத் தீவிரவாதி பிட்டா கராத்தே 1990-ல் கைதானான். சிறையிலிருந்தே, இருபது பேரைக் கொன்றிருப்பேன் என்று கேமரா முன்னால் சொன்னான். 2006-ல் தடா நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. வழக்கை நடத்துவதில் அரசுத் தரப்பு அக்கறையே காட்டவில்லை என்று நீதிபதி உத்தரவிலேயே எழுதினார். பதினாறு வருஷம் ஒரு அரசாங்கம் சாட்சியைக் கூட்டிவரவில்லை. நாடிமார்க் வழக்கில் சாட்சிகள் பள்ளத்தாக்கை விட்டே போயிருந்தார்கள், திரும்பி வரப் பயம். அவர்கள் இருக்கும் இடத்திலேயே வாக்குமூலம் வாங்க அனுமதி கேட்டதற்கு ஷோபியான் நீதிமன்றம் மறுத்தது. 2011-ல் உயர்நீதிமன்றமும் கைவிரித்தது. அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது 2022-ல். 2017-ல் ஒரு பண்டிட் அமைப்பு, 215 வழக்குகளை மறுபடி விசாரியுங்கள் என்று உச்சநீதிமன்றம் போனது. 27 வருஷம் ஆகிவிட்டது, இனி ஆதாரம் எங்கிருந்து வரும் என்று தள்ளுபடி செய்தார்கள்.

இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம், இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு கோர்ட் காட்சி இருந்திருந்தால்கூட நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். 2022 கோவா திரைப்பட விழாவில் நடுவர் குழுத் தலைவர் நடாவ் லபீட் இதை மட்டமான பிரச்சாரப் படம் என்றார், பெரிய ரகளை ஆனது. மறு வருஷம் தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது கொடுத்தார்கள். இரண்டிலும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இவ்வளவு பேசிவிட்டு ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. டெல்லியில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் ஆறு வருஷம் என் பக்கத்து மேஜையில் இருந்த நண்பர் ஒரு பண்டிட், காஷ்மீரின் சோபோர்க்காரர். பதினேழு வயதில் ஜம்முவின் முட்டி முகாமில் கூடாரத்துக்கு வந்தவர். தேர்தல் வந்தால், ஊரை விட்டு வந்த காஷ்மீரிகளுக்கான 'எம் படிவம்' நிரப்பி, டெல்லியில் இருந்தபடி பாரமுல்லாவுக்கு ஓட்டுப் போடுவார். பண்டிட்டுகள் சிவராத்திரியை ஹேராத் என்பார்கள். பானையில் வால்நட் ஊறப்போட்டுப் பூஜை. அதற்கு அடுத்த நாளின் பெயரே 'சலாம்'. ஊரில் இருந்தவரை அன்றைக்கு முஸ்லிம் வீட்டுக்காரர்கள் வாழ்த்துச் சொல்ல வருவார்களாம். டெல்லி மாடி வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள்? ஆனாலும் ஊறிய வால்நட்டை ஒரு தட்டில் போட்டு முன்னறையில் வைத்திருப்பார்.

மேலே எழுதியதை எல்லாம் அவரிடம் போனில் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு ஒருத்தன் எங்க கதையைச் சொல்லியிருக்கான். அவன் எதுக்குச் சொன்னான்னு நீ பாரு. நான் தியேட்டர்ல அழுதேன், எனக்கு அது போதும்" என்றார். எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

படம் வந்தது 2022 மார்ச் 11. மே 12-ஆம் தேதி, காஷ்மீரின் சாடூரா தாலுகா அலுவலகத்துக்குள் புகுந்து ராகுல் பட் என்ற ஊழியரைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். பிரதமர் தொகுப்புத் திட்டத்தில் வேலை கிடைத்துப் பள்ளத்தாக்குக்குத் திரும்பிய பண்டிட் அவர். அதே திட்டத்தில் வேலை பார்த்தவர்கள் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றல் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் மேல் கண்ணீர்ப்புகை வீசினார்கள். பல மாநிலங்களில் படத்துக்கு வரிவிலக்கு. டிசம்பரில் ஜம்மு காஷ்மீர் துணைநிலை ஆளுநர், வேலைக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்றார்.

நண்பரின் சித்தி மகனும் அப்படி உட்கார்ந்திருந்தவர். அடுத்த ஹேராத்துக்கு நான் போனபோது அவரும் வந்திருந்தார். படத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து மாற்றல் மனுவின் நகலை எடுத்துக் கொடுத்தார். நாலாவது மனு. நண்பர் வால்நட் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, பென்சிலால் அதில் இருந்த இங்கிலீஷைத் திருத்த ஆரம்பித்தார். இரண்டாவது பக்கத்தை என்னிடம் தள்ளி, "தேதியெல்லாம் சரியா இருக்கான்னு பாரு" என்றார்.